கேஸ் அடுப்புக்கு உண்டு; ஏர் ரைபிளுக்கும் வேண்டுமா ரெகுலேட்டர்?

நம் வீடுகளில் ரெகுலேட்டர் என்றால் இரண்டுதான். ஒன்று, ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருப்பது. இன்னொன்று, கேஸ் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருப்பது. கோவையில் ஒரு வீட்டில் மூன்றாவதாக ஒரு ரெகுலேட்டர் மூன்று வாரமாகச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. அது இன்னும் வீட்டுக்குள் வரவே இல்லை. வரலாமா, வேண்டாமா என்பதுதான் பேச்சு.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு வருடமாக ரைபிள் கிளப்புக்குப் போகிறாள். 10 மீட்டர் ஏர் ரைபிள். அப்பாவுக்கு வங்கி வேலை. மகளுக்காகப் போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு பி.சி.பி. ரைபிள் வாங்கிக் கொடுத்தார். நல்ல துப்பாக்கிதான். ஆனால், ரெகுலேட்டர் இல்லாத மாடல். கிளப்பில் கூடச் சுடும் பிள்ளைகளின் வெளிநாட்டு மேட்ச் ரைபிள்களில் எல்லாம் அது உள்ளேயே இருக்கிறது.

"ரெகுலேட்டர் போட்டா ஸ்கோர் ஏறும்ப்பா. எல்லாரும் சொல்றாங்க."

"எவ்வளவு ஆகும்?"

"கூலியோட 12,000."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "எத்தனை ஏறும்னு யாராச்சும் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. ஏர் ரைபிள் வைத்திருப்பவர்களில் பலரும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

முழு டேங்கில் ஏன் வேகம் குறைகிறது?

முதலில் ஒரு விஷயம். ஏர் ரைபிளில் பல வகை உண்டு. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுகிற பழைய வகைக்கு ரெகுலேட்டர் என்ற பேச்சே கிடையாது. அதில் காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க் இல்லை. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்தான் காற்றை அந்த நேரத்துக்கு அழுத்தித் தருகிறது. ரெகுலேட்டர் பற்றிய கவலை பி.சி.பி. வகைக்குத்தான். இதில் குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை நிரப்பி வைப்பார்கள். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். அதைப் போல நூறு மடங்கு.

ட்ரிகரை இழுத்தால் ஹேமர் என்கிற சின்ன சுத்தியல் ஓடிவந்து ஒரு வால்வைத் தட்டும். வால்வு ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடும். அந்த இடைவெளியில் வெளியேறும் காற்றுதான் குண்டை, அதாவது பெல்லட்டை, தள்ளிக்கொண்டு போகிறது.

சிலிண்டர் நிறைந்திருக்கும்போது குண்டு வேகமாகவும், காலியாகக் காலியாக மெதுவாகவும் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் குழாயில் வேகம் குறைவது மாதிரி. ஆனால், இங்கே கதை வேறு. அந்த வால்வை மூடிப் பிடித்திருப்பதே உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். கல்யாண மண்டபத்தில் பந்தி ஹால் கதவின் மீது உள்ளேயிருந்து ஐம்பது பேர் சாய்ந்து நின்றால், வெளியிலிருந்து ஒருவர் எவ்வளவு தள்ளினாலும் கதவு ஒரு விரற்கடைதான் திறக்கும். கூட்டம் கொஞ்சம் விலகினால் அதே தள்ளலுக்கு நன்றாகத் திறக்கும். ஹேமரின் தட்டு எப்போதும் ஒரே பலம். 200 பாரில் வால்வு கொஞ்சமாகத் திறந்து உடனே மூடிக்கொள்கிறது. 150 பாரில் தாராளமாகத் திறக்கிறது. 90 பாரில் நெடுநேரம் திறந்தாலும் தள்ளுவதற்குக் காற்றில் பலம் இல்லை.

ஆகவே, வேகத்தை வரைபடமாகப் போட்டால் ஒரு குன்று மாதிரி வரும். ஏறும், உச்சியில் கொஞ்ச தூரம் சமமாக ஓடும், பிறகு இறங்கும். அந்த உச்சிச் சமவெளியைத்தான் சுடுபவர்கள் 'ஸ்வீட் ஸ்பாட்' என்கிறார்கள்.

ரெகுலேட்டர் செய்வது இந்தக் குன்றைத் தரைமட்டமாக்கும் வேலை. விரல் பருமனில் ஓர் உலோக உருளை. உள்ளே ஒரு பிஸ்டன். கிண்ணம்போல் வளைந்த ஸ்பிரிங் வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் இதை வைத்துவிட்டால், வால்வுப் பக்கம் உள்ள சின்ன அறைக்குள் குறிப்பிட்ட அழுத்தம், உதாரணமாக 110 பார், வரும் வரை காற்றை விடும். வந்ததும் பிஸ்டன் நகர்ந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். சுட்டதும் அறையில் அழுத்தம் குறையும், ஓட்டை திறக்கும், மறுபடியும் 110 வரை நிரம்பும். சிலிண்டரில் 200 இருந்தாலும் 130 இருந்தாலும் வால்வுக்குத் தெரிவது 110 மட்டும்தான். சிலிண்டரே 110-க்குக் கீழே போய்விட்டால் ரெகுலேட்டருக்கு வேலை இல்லை. அப்புறம் சாதாரண துப்பாக்கிதான்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். எத்தனை ஏறும்?

10 மீட்டர் போட்டியின் டார்கெட்டில் நடுப் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனா நுனியால் வைத்த பொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. தூரம். மின்னணு டார்கெட்டில் பத்துக்குள்ளேயே 10.0 முதல் 10.9 வரை பிரிப்பார்கள், ஒவ்வொரு 0.1-க்கும் கால் மில்லிமீட்டர்.

குண்டு நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டரைக் கடக்க 0.057 நொடி ஆகும். அதற்குள் பூமி அதை 16 மி.மீ. கீழே இழுத்துவிடும். வேகம் 170 ஆகக் குறைந்தால் 17 மி.மீ. இழுக்கும். காற்றின் தடையைச் சேர்க்காத கணக்கு இது. சேர்த்தாலும் பெரிய மாற்றம் இல்லை. ஆக, நொடிக்கு 5 மீட்டர் வேக வித்தியாசம் என்றால் டார்கெட்டில் 1 மி.மீ. அதாவது 0.4 புள்ளி.

0.4 புள்ளி பெரிதா, சிறிதா? அது யார் சுடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தகுதிச்சுற்றில் எடுத்தது 630.7. மொத்தம் 60 ஷாட், அதிகபட்சம் 654. சராசரி ஷாட்டுக்கு 10.5. அதாவது, அவரது குண்டு நடுவிலிருந்து சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதலாகத்தான் விலகியது. அப்படிச் சுட்டும் அவருக்குக் கிடைத்தது 10-வது இடம்; ஃபைனலுக்குப் போவது முதல் 8 பேர்தான். அந்த உயரத்தில் துப்பாக்கி தன் பங்குக்கு 1 மி.மீ. தவறு செய்தால் என்ன ஆகும்? சுடுபவரின் தவறும் துப்பாக்கியின் தவறும் நேராகக் கூடுவதில்லை. ஒன்றையொன்று சில நேரம் ரத்தும் செய்யும். அதனால் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். பள்ளிக்கூடத்து பிதாகரஸ்தான். 1.1-உம் 1-உம் சேர்ந்தால் சுமார் 1.5. ஷாட்டுக்கு 0.15 புள்ளி போகும். 60 ஷாட்டுக்கு 9 புள்ளி. 630 என்பது 621 ஆகிவிடும். அப்புறம் எந்த அணியிலும் இடம் இருக்காது.

நம் பிளஸ் ஒன் மாணவியின் சராசரி 9.4. குண்டு நடுவிலிருந்து சுமார் 4 மி.மீ. விலகுகிறது. 4-உம் 1-உம் சேர்ந்தால் 4.12. இழப்பு ஷாட்டுக்கு 0.05. ஒரு போட்டி முழுக்கத் துப்பாக்கி இப்படியே தவறு செய்தாலும் 3 புள்ளிதான். தோராயக் கணக்குதான், ஆனால், எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது அல்லவா? ஒரே கருவி, ஒரே விலை. ஒருவருக்கு அது உயிர். இன்னொருவருக்கு 12,000 ரூபாய்க்கு 3 புள்ளி.

செலவில்லாத சோதனை

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். துப்பாக்கியையே கேட்டுப் பார்ப்பது நல்லது. கிளப் கோச் அதைத்தான் சொன்னார்.

"வாங்கிடலாமுங்களா சார்?" என்று போய் நின்ற அப்பாவிடம் அவர் முதலில் கேட்டது, பிள்ளையின் கடைசி பத்து டார்கெட் தாள்கள். மேஜையில் பரப்பி வைத்தார்.

"குண்டு மேலயும் கீழயும் பரவுதா, இடமும் வலமுமா பரவுதா, பாருங்க."

வேகம் மாறினால் குண்டு மேலே கீழேதான் போகும். பக்கவாட்டில் போக வாய்ப்பே இல்லை. பக்கவாட்டுச் சிதறல் என்றால் காரணம் ட்ரிகரை இழுக்கும் விரல், சாய்ந்த துப்பாக்கி, இடுப்பும் காலும் நிற்கும் நிலை. ரெகுலேட்டர் வாங்க நினைக்கும் யாரும் வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யாமல் கடைக்குப் போவது, காய்ச்சலைப் பார்க்காமலே மாத்திரை வாங்குவது மாதிரிதான்.

மாணவியின் தாள்களில் ஒவ்வொரு பத்து ஷாட் கூட்டமும் உயரத்தைவிட அகலம் அதிகம். கோச் ஒன்றும் சொல்லவில்லை. அவளே பார்த்தாள், முகம் சுருங்கிவிட்டது.

"ஆனா கண்ணு, நீ சொல்றதும் பொய்யில்ல" என்று அவர் வேறொன்றைக் காட்டினார். முதல் தாளில் கூட்டத்தின் நடுப்பகுதி கொஞ்சம் கீழே இருந்தது. மூன்றாவது தாளில் மேலே ஏறியிருந்தது. எட்டாவதில் மறுபடி இறங்கியது. தாளுக்குத் தாள் கூட்டம் நகர்கிறது. அது துப்பாக்கியின் வேலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரோனோகிராஃப் வந்தது. குண்டின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி. கிளப்புக்கு ஒன்றாவது யாரிடமாவது இருக்கும், இரவல் வாங்கலாம். சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பி, ஒவ்வொரு ஷாட்டின் வேகத்தையும், ஐந்து ஷாட்டுக்கு ஒரு முறை கேஜ் காட்டும் அழுத்தத்தையும் அப்பா நோட்டில் எழுதினார். வங்கிக்காரர் என்பதால் கோடு போட்ட நோட்டு, சிவப்பு மை.

200 பாரில் வேகம் 164. ஏறிக்கொண்டே போய் 165 பாரில் 172. அதன் பிறகு 45 ஷாட்டுக்கு 172-க்கும் 174-க்கும் நடுவிலேயே ஓடியது. 110 பாரைத் தாண்டியதும் இறங்கத் தொடங்கி, 90 பாருக்கு வரும்போது 166.

இந்த நோட்டுப் பக்கம் இரண்டு செய்தி சொன்னது. முதலாவது, சிலிண்டரை 200 வரை நிரப்புவதே இவளுக்குப் பகை. முதல் 25 ஷாட்டில் குண்டு தானாக 2 மி.மீ. மேலே ஏறிவிடுகிறது. 165-க்கு மேல் நிரப்பாமல் விட்டாலே அந்தத் தொல்லை போய்விடும். கைப்பம்ப்பில் நிரப்புகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. கடைசி 35 பாருக்குத்தான் தோள்பட்டை கழன்று விழும்.

இரண்டாவது செய்தி அவ்வளவு இனிப்பானதல்ல. போட்டியில் 60 ஷாட். அதற்கு முன்னால் பயிற்சி ஷாட் ஒரு 15 வைத்துக்கொண்டாலும் மொத்தம் 75. இவள் துப்பாக்கியின் சமவெளி 45-இலேயே முடிகிறது. கடைசி 30 ஷாட்டுக்குக் குண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கும், முடிவில் ஒன்றரை மி.மீ. வரை. ரெகுலேட்டர் இருந்தால் 200-இலிருந்து 110 வரை மொத்தக் காற்றும் ஒரே வேகத்தில் போகும். போட்டி முழுவதும் தாங்கும். இங்கே ரெகுலேட்டரின் பக்கம் நியாயம் இருக்கிறது. மறுப்பதற்கில்லை.

பொருத்தினால் முடிந்ததா?

கடைக்காரர்கள் சொல்லாத பகுதி இது. ரெகுலேட்டரை உள்ளே போட்டுவிட்டு அப்படியே சுட முடியாது. துப்பாக்கியின் ஹேமர் ஸ்பிரிங் 150 பார் கதவைத் தள்ளுவதற்காகச் சரிசெய்யப்பட்டது. இப்போது கதவில் 110 மட்டுமே. ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும், குரோனோகிராஃபில் சுட்டுப் பார்க்க வேண்டும், மறுபடி திருக வேண்டும். தெரிந்த கைக்கு ஒரு நாள் வேலை. தெரியாத கைக்கு ஒரு மாத வேதனை.

ரெகுலேட்டருக்கே உரிய சில வியாதிகளும் உண்டு. ஓட்டையை அடைக்கும் முனையில் ஒரு தூசி சிக்கினால் போதும். காற்று சொட்டுச் சொட்டாகக் கசிந்து அறையின் அழுத்தம் 110-இலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். 'க்ரீப்' என்பார்கள். ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் சுட்டால் முதல் குண்டு எங்கேயோ போகும். தளர்த்திய ஹேமரால் அந்த அழுத்தத்தைத் திறக்க முடியாமல் 'டுப்' என்று அடங்கிப்போவதும் உண்டு. ஓ-ரிங் தேய்ந்தாலும் இதே கதை. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் கைப்பம்ப் வழியாக ஈரம் உள்ளே போகும். அது உலோகத்துக்கும் ரப்பருக்கும் ஆகாது. ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் பழுதாக ஒரு சாமான் குறைவு என்பதையும் ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட முக்கியமானது பத்திரம். வீடியோ பார்த்து வீட்டு மேஜையில் சிலிண்டரைக் கழற்றும் தைரியசாலிகள் பெருகிவருகிறார்கள். 200 பார் காற்று விளையாட்டுச் சாமான் அல்ல. காற்று முழுவதும் வெளியேறாத நிலையில் மரையைத் திருகினால், தெறித்து வரும் துண்டுக்கு யார் முகம் என்றெல்லாம் தெரியாது. சில ரெகுலேட்டர்களுக்கு காற்றுக் குழாயில் ஒரு சிறு துளை தேவைப்படும். அது துப்பாக்கித் தயாரிப்பாளர் அனுமதித்த இடத்தில், அனுமதித்த முறையில் இருந்தால் சரி. பக்கத்து லேத் பட்டறையில் உத்தேசமாக ஒரு துளை போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் உள்ளே படக்கூடாது. அழுத்தக் காற்றில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். நிரப்புவது காற்று மட்டுமே. ஆக்சிஜன் சிலிண்டர் பக்கமே போகக்கூடாது.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள ஏர் ரைபிளுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. நம் மாணவியின் துப்பாக்கி 8 ஜூல் சொச்சம், கவலை இல்லை. ஆனால், ரெகுலேட்டர் போடுகிற சாக்கில் அழுத்தத்தைக் கூட்டி, ஸ்பிரிங்கையும் இறுக்கி 'பவர்' ஏற்றித் தருகிறேன் என்கிற கைகளும் உண்டு. அரை கிராமுக்குச் சற்று கூடுதலான மேட்ச் குண்டு நொடிக்கு 272 மீட்டர் வேகத்தைத் தொட்டால் 20 ஜூல் வந்துவிடும். அதற்கு மேல் போனால் கையில் இருப்பது வேறு வகை ஆயுதம்.

இங்கிலாந்தில் கேட்டால் சிரிப்பார்கள்

'அப்படியானால் ரெகுலேட்டர் வீண் செலவா?' என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஃபீல்டு டார்கெட் என்றொரு போட்டி உண்டு. காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே, சில மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை வெவ்வேறு தூரத்தில் உலோக இலக்குகளை நிறுத்தியிருப்பார்கள். இலக்கில் ஒரு வட்டத் துளை. பெரியது 40 மி.மீ., சிறியது 15 மி.மீ. அளவில் இருக்கும். குண்டு அதற்குள் புகுந்தால் இலக்கு விழும். விளிம்பில் பட்டால் விழாது.

10 மீட்டரில் 1 மி.மீ. ஆக இருந்த தவறு, 50 மீட்டரில் அதைவிட வேகமான துப்பாக்கியிலும் சுமார் 1 செ.மீ. ஆகிவிடுகிறது. 40 மி.மீ. துளையின் நடுவிலிருந்து விளிம்பு 20 மி.மீ. தூரம்தான். அதில் பாதியைத் துப்பாக்கியே தின்றுவிட்டால் காற்றுக்கும் கைநடுக்கத்துக்கும் மிச்சம் என்ன? அதற்கு மேல் அங்கே சட்டம் வேறு. 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூலைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் குன்றின் உச்சி அந்த எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படியானால் மற்ற ஷாட்கள் எல்லாம் இன்னும் கீழே. ரெகுலேட்டர் இருந்தால் எல்லா ஷாட்டையும் எல்லைக்குச் சற்றுக் கீழே ஒரே மட்டத்தில் நிறுத்தலாம். அந்த ஊர்க்காரரிடம் 'ரெகுலேட்டர் வேண்டுமா?' என்று கேட்டால், 'செருப்புக்கு வார் வேண்டுமா?' என்று கேட்ட மாதிரி பார்ப்பார்.

தூரம் கூடினால், ஒரே நிரப்பலில் அதிக ஷாட் வேண்டும் என்றால், சுடுபவரின் கை துப்பாக்கியைவிடச் சுத்தமாகிவிட்டால் ரெகுலேட்டர் கட்டாயம். வீட்டுத் தோட்டத்தில் 15 மீட்டரில் டப்பாவைச் சுடுபவருக்கு அது கழுத்தில் போட்ட இரண்டாவது சங்கிலி. (டப்பாவை மட்டும். புறாவும் மைனாவும் டார்கெட் அல்ல. பறவைகளைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிவிடும் வேலை.)

12,000 எங்கே போனது?

கோவை வீட்டில் மூன்றாவது வாரம் முடிவு வந்தது. அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட ஆசைதான். பிள்ளை மற்றவர்கள் முன்னால் குறைந்துபோகக் கூடாது என்கிற, எல்லா அப்பாக்களுக்கும் இருக்கிற ஆசை. கோச்தான் கையைப் பிடித்தார்.

"ஜாக்கெட் இரவலுங்க. அவ அளவுக்கு ரெண்டு சைஸ் பெருசு. முதுகு நிக்கவே மாட்டேங்குது. பக்கவாட்டுல பரவுறது அதனாலதான்னு எனக்குப் படுது. அதை முதல்ல பாருங்க. பெல்லட்டும் கைக்குக் கிடைச்சதைப் போட்டுச் சுடுறா."

மேட்ச் பெல்லட் டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு அச்சிட்டிருக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால், ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. துப்பாக்கியை ஆடாமல் பிடித்துவைத்து மூன்றையும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தால் அது தானே சொல்லிவிடும். இவள் குழலுக்கு 4.50 பிடித்தது. இதுநாள் வரை சுட்டுக்கொண்டிருந்தது 4.51.

கெட்டித் துணியில் அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். மூன்று டப்பா பெல்லட் வாங்கினார்கள். அதற்கே 12,000-இல் பெரும்பகுதி போய்விட்டது. கடைசி 30 ஷாட் பிரச்னைக்கு கோச் ஒரு வழி சொன்னார். துப்பாக்கியின் சைட்டில் ஒரு க்ளிக் திருகினால் குண்டு எவ்வளவு நகரும் என்று அளந்து, சமவெளி தாண்டியதும் எந்த ஷாட்டில் எத்தனை க்ளிக் ஏற்ற வேண்டும் என்று அட்டவணை போடச் சொன்னார். அப்பா அதையும் சிவப்பு மையிலேயே எழுதி, துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிக் கொடுத்தார்.

"ரெகுலேட்டர்?" என்று மகள் விடவில்லை.

"பத்து தாள்லயும் கூட்டம் அகலமா இல்லாம உயரமா வரட்டும் கண்ணு" என்றார் கோச். "அன்னைக்கு நானே உங்கப்பாகிட்ட வந்து கேக்குறேன்."

இப்போது அவள் ஒவ்வொரு ஞாயிறும் தாள்களைப் பரப்பி ஸ்கேல் வைத்து அளக்கிறாள். போன வாரம் அகலம் 13 மி.மீ., உயரம் 12.